பலகையைச் சிறிதாக்கித் தந்த பட்டறை

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊரில் கடைப் பெயர்ப் பலகை செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றே ஒன்றுதான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கும் கடைக்கும் சீனக் கோயில் மதிலுக்கும் இடையே, தகரக் கூரை போட்ட கொட்டகையில் அது நடக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அதன் பெயரைச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்கள் இரும்பு அறுக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே வந்தால் போதும் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. அப்பா விட்டுச்சென்ற பூஜைப் பொருள் கடைக்குப் புதிய பலகை செய்வதற்காகக் கடந்த ஆண்டின் கடைசியில் அங்கே போனேன். விளம்பரப் பலகைகளுக்குப் புதிய வழிகாட்டி ஒன்றை நகராண்மைக் கழகம் கொண்டுவரப் போகிறது என்று ஊர் முழுவதும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பட்டறையில் எடுத்த ஒவ்வொரு முடிவும் அந்த வழிகாட்டியோடு முட்டிக்கொண்டதால், இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பழைய பலகையைப் பற்றிச் சில சொற்கள். மரச்சட்டத்தில் அடித்த தகரத்தின்மேல் இனாமல் சாயத்தால் எழுதப்பட்டது அது. எழுதியவர் தோட்டத்து லாரிக் கதவுகளிலும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் எழுதிப் பழகியவர். நூலில் சுண்ணாம்பு தடவிக் கோடு அடித்து, எழுத்தின் உடலை முதலில் நிரப்பி, நிழலை மறுநாள் வந்து சேர்த்தார் என்று அப்பா சொல்வார். ‘நிலையம்’ என்ற சொல்லில் வரும் ‘லை’ பழைய முறைப்படி, தலையில் துதிக்கை வளைந்த ஒரே எழுத்தாக இருந்தது. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கிய பிறகு அந்த வடிவம் பாடநூல்களிலிருந்து போய்விட்டது. எங்கள் கடை முகப்பில் மட்டும் தகரம் துருப்பிடித்து உதிரும் வரை இருந்தது. அதில் மலாய் ஒரு வரி, தமிழ் ஒரு வரி, இரண்டும் ஒரே உயரம். அதை யாரும் அளந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

உண்மையில் எங்கள் ஊர் பலகையைப் படித்து வழி தேடும் ஊராக இருந்ததே இல்லை. தோட்டங்களுக்கு நடுவே, கூட்டரசுச் சாலையின் இரு பக்கமும் கடைவீடுகளாக வளர்ந்த பெக்கான், அதாவது சிறு பட்டணம் இது. தோட்டத்து வாசலில் கம்பெனி வைத்த பலகையில் ஒரு பெயர் இருக்கும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில் இருந்த சனங்கள் அதே தோட்டத்துக்குத் தமிழில் வேறொரு பெயர் வைத்திருப்பார்கள். துரையின் பெயர், பழைய கங்காணியின் பெயர், ஆற்றின் பெயர் என்று எதுவாகவும் அது இருக்கலாம். கம்பெனிகள் கைமாறிப் பலகைகள் மாறியபோதும் வாய்ப் பெயர் மாறவில்லை. எங்கள் கடையும் அப்படித்தான் ‘மணிக்கூண்டுக்கு எதிர்த்த கடை’ என்றே வழங்கி வந்தது. ஆனால் லயங்கள் காலியாகிச் சனங்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்து, அவர்களுடைய பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்த் தீபாவளிக்கு மட்டும் திரும்புகிறவர்களாகிவிட்ட பிறகு, ‘எதிர்த்த கடை’ என்றால் எதற்கு எதிர்த்தது என்று கேட்கிறார்கள். ஆகவே பலகை தேவைப்பட்டது. பெரிதாக, இரவில் ஒளிர்வதாக, சாலையில் காரில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

பட்டறைக்காரருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும்; என்னை அக்கா என்றுதான் அழைத்தார். நான் 20 அடி நீளம், 5 அடி உயரம் என்று சொன்னதும் அவர் விலை சொல்லவில்லை. என்னோடு மோட்டார் சைக்கிளில் கடைக்கு வந்து, சாலையைக் கடந்து எதிர் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் ஓடும் நடைபாதையில் நின்று, தன் கைப்பேசியில் எங்கள் கடை முகப்பைப் படம் எடுத்தார். பிறகு ஒரு கணக்குச் சொன்னார். ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது அவர்கள் தொழிலில் வழங்கும் அளவு. எதிர் அஞ்சடிக்கும் எங்கள் முகப்புக்கும் இடையே ஏறக்குறைய 60 அடி. அதற்கு 6 அங்குல எழுத்தே போதும். 9 அங்குலம் வைத்தால் 90 அடியிலிருந்து தெரியும்; பேருந்திலிருந்து இறங்குகிறவர்களுக்கு அது தாராளம். காரில் போகிறவர்களைப் பற்றிக் கேட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நொடிக்கு 55 அடி கடந்துவிடும்; 90 அடியில் எழுத்துத் தெரிந்தாலும் இரண்டு நொடிகூடக் கிடைக்காது; அதற்குள் ஓட்டுநர் படிக்க வேண்டியது முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கை, என் கடைப் பெயரை அல்ல என்றார். கடைசியில் 18 அடிக்கு 3 அடி என்று முடிவாயிற்று. நான் கேட்ட பரப்பில் பாதியைவிடச் சற்றே அதிகம். அவருக்குக் கிடைக்க வேண்டிய பணமும் அந்த அளவு குறைந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பட்டறையைப் பரிந்துரைப்பேன்.

வழிகாட்டியின் வரைவில் இருந்ததும் கிட்டத்தட்ட இதுதான் என்பது பிறகு தெரியவந்தது. பொது மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை காலை நடந்த விளக்கக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஒரு கடைக்கு ஒரு முதன்மைப் பலகை. அது கடையின் அகலத்தைத் தாண்டக் கூடாது. அஞ்சடிக்கு மேல் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும் பலகைகளுக்கு அளவுக் கட்டுப்பாடு. சாலைச் சந்திப்புக்கு அருகில் காட்சி மாறிக்கொண்டே இருக்கும் மின்திரைகளுக்கு அனுமதி இல்லை. தனியாகத் தூண் நட்டு எழுப்பும் பெரிய விளம்பரப் பலகைகளுக்குப் பதிவு பெற்ற பொறியாளரின் சான்று வேண்டும். தேசிய மொழியான மலாய் முதலில், பெரிதாக. வரைவில் சொல்லியிருந்த முக்கியமானவை இவ்வளவே. வணிகர்கள் பாதிப் பேர் கடைசி அம்சத்தைப் பற்றியும், மீதிப் பாதிப் பேர் பணத்தைப் பற்றியும் பேசினார்கள். கோயில் நிர்வாகத்தினர் திருவிழாப் பதாகைகளைப் பற்றிக் கேட்டார்கள். தீபாவளி வாழ்த்துச் சொல்லித் தலைவர்கள் கட்டும் பதாகைகள் பொங்கல் வரை மழையில் வெளுத்துத் தொங்குவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

கூட்டத்தில் ஒருவர், இதை எதிர்த்து வாக்களிப்போம் என்றார். எதற்கு வாக்களிப்பது? மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள், அதாவது நகராண்மைக் கழகம் போன்ற உள்ளூர் மன்றங்களுக்கான தேர்தல்கள், 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம், அவற்றை முழுவதுமாக முடித்துவைத்தது. 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. துணைச் சட்டம் இயற்றும் அதிகாரம் மன்றத்துக்கு இருந்தாலும் அது செல்லுபடியாக மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். உரிமத்தைப் பற்றிய 107ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: காரணம் எதுவும் சொல்லாமலே எந்த நேரத்திலும் உரிமத்தை மீட்டுக்கொள்ளலாம், அதற்கு இழப்பீடும் கிடையாது. துணைச் சட்டத்தை மீறினால் 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 200 வெள்ளி வரை சேரலாம். இவற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் பட்டறைக்காரர்தான். பலகைக்குக் காசு கொடுப்பதற்கு முன் பலகை யாருடைய தயவில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் அக்கா என்று அவர் சொன்னது முகத்தில் அடித்ததுபோல் இருந்தாலும் நியாயமாக இருந்தது.

அவருடைய வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது தமிழ் எழுத்து. எங்கள் வட்டாரத்தில் தமிழ்ப் பலகைகளின் நிலை எல்லாருக்கும் தெரியும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், பூ, புவாகிவிடும், எழுத்துக்குப் பதிலாகப் புள்ளி போட்ட வட்டம் நிற்கும், பொது இடங்களில்கூட எந்த இயந்திரமோ மொழிபெயர்த்த வாசகத்தை யாரும் வாசித்துப் பார்க்காமல் மாட்டியிருப்பார்கள். இத்தனைக்கும் கணினியில் தமிழ் எழுதுவதற்கு முன்னோடியாக நின்ற நாடு இது. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியது இங்கேதான். குறை எழுத்துருவில் இல்லை என்று பட்டறைக்காரர் விளக்கினார். விளம்பரம் வரையும் பழைய மென்பொருள்களில் யூனிகோடு தமிழை ஒட்டினால் அது எழுத்துகளைச் சேர்த்துக் கட்டத் தெரியாமல் வரிசையாகக் கொட்டிவிடும். தமிழ் படிக்கத் தெரியாத பணியாளர் அதை அப்படியே வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடுவார். இவர் சொல்லைத் தனியே தட்டச்சு செய்து, கோட்டுருவமாக, அதாவது எழுத்தல்லாத வெறும் படக் கோடுகளாக மாற்றிய பிறகே ஓவியத்தில் சேர்க்கிறார். அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார். நான் ‘பூஜைப்’ என்பதில் ஒற்று விடுபட்டிருந்ததைக் காட்டினேன். கூச்சப்படாமல் திருத்திக்கொண்டார்.

இங்கேதான் தேசிய மொழி பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வந்தது. மேல் வரியில் ‘கெடாய் பாராங்கான் செம்பாயாங்’ என்று மலாயில் 9 அங்குலம். கீழ் வரியில் ‘பூஜைப் பொருள் நிலையம்’ என்று தமிழில் 8 அங்குலம். இடப்பக்கம் குத்துவிளக்குப் படமும் அதன்கீழ்க் கடைப் பெயரும். வரைபடத்தை உரிமத்துக்கு அனுப்பியபோது, தமிழ் வரி மலாய் வரியைவிட உயரமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிகாரி பொய் சொல்லவில்லை. மலாய் எழுதப்படும் ரோமன் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே மேல்கோட்டுக்கும் ஒரே அடிக்கோட்டுக்கும் இடையே நின்றுவிடும். தமிழில் ‘பூ’வின் சுழியும் ‘ரு’வின் வாலும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும், ‘ப்’, ‘ள்’, ‘ம்’ ஆகியவற்றின் புள்ளி மேலே ஏறும். சுழியின் அடியிலிருந்து புள்ளியின் நுனி வரை அளவுகோலை வைத்தால் 8 அங்குல எழுத்து 11 அங்குலத்தைத் தாண்டிவிடுகிறது. அதற்காக முழு அளவையும் 9 அங்குலத்துக்குள் அடக்கினால், எழுத்தின் உடல் ஏறக்குறைய ஆறரை அங்குலமாகச் சுருங்கிப்போகும். விதி எழுதியவர் மனத்தில் ஒரே ஓர் எழுத்துமுறைதான் இருந்திருக்கிறது.

பட்டறைக்காரர் சண்டை போடவில்லை. வரைபடத்தில் எழுத்தின் உடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சிவப்புக் கோடும் நீலக் கோடும் போட்டு, ஏறும் புள்ளியையும் இறங்கும் சுழியையும் தனியே குறித்து, ரோமன் சிறிய எழுத்துகளில் ‘ஜி’க்கும் ‘வை’க்கும் வால் இறங்குவதை ஓர் ஓரத்தில் எடுத்துக்காட்டி மறுபடியும் கொண்டுபோனார். 8 அங்குலம் ஏழரை ஆனது, அனுமதி வந்தது. இந்த இழுபறியில் இரண்டு வாரம் போயிற்று. அடுத்த முறை அதே மேசையில் இன்னோர் அதிகாரி அமர்ந்திருந்தால் இதே கோடுகள் செல்லுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வழிகாட்டியில் சேர்க்க வேண்டிய ஒரே வரி என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: எழுத்தின் உயரம் என்பது உடலின் உயரம் என்று எழுதிவையுங்கள். தேசிய மொழிக்கு முதலிடம் தருவதில் எனக்கு மறுப்பில்லை. அப்பா காலத்திலிருந்தே எங்கள் பலகையில் மலாய்தான் மேலே. சொற்கள் சரியா என்று மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா பார்த்துச் சொன்ன திருத்தத்தையும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டோம். 2024இன் இறுதியில் கோலாலம்பூரில் பலகை மொழி தொடர்பான சோதனைகள் நாடு தழுவிய சர்ச்சையானபோது, எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் சிலர் பயந்துபோய்த் தமிழ் வரியையே நீக்கிவிடலாமா என்று யோசித்தார்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. பயம்தான் கேட்டது. அப்படிப் பட்டறைக்கு வந்த இரண்டு பேரிடமும் வரியை நீக்க வேண்டியதில்லை, அளவை மாற்றினால் போதும் என்று பட்டறைக்காரர் சொல்லி அனுப்பியதை நானே அங்கே உட்கார்ந்து கேட்டேன்.

பலகை அமைந்திருக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியப் பலகம். அதன்மேல் தகட்டில் மடித்துச் செய்த புடைப்பு எழுத்துகள். உள்ளே எல்இடி விளக்குகள். துருப்பிடிக்காத போல்ட்டுகள் போட்டிருக்கிறார். மின்கம்பியைச் சுவர் ஓரமாகக் குழாய்க்குள் கொண்டுபோயிருக்கிறார். பக்கத்துக் கடையில் தொங்குவதுபோல் தொங்கவில்லை. மழைநீர் வடிய அடியில் துளைகளும் உண்டு.

குறைகள் இரண்டு மூன்று உண்டு. மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஆறு வாரம் ஆயிற்று. உரிமத்தில் போன இரண்டு வாரத்தைக் கழித்தாலும் ஒரு வாரத்துக்கு அவர்தான் பொறுப்பு, அந்த வாரம் முழுவதும் தொலைபேசியை எடுக்கவே இல்லை. விளக்கின் நிறம் மருந்துக்கடை வெள்ளை. மஞ்சள் கலந்த ஒளி வேண்டும் என்று நான் முன்பே சொல்லாதது என் தவறு, கேட்காதது அவர் தவறு. மூன்றாவது குறை வேடிக்கையானது. தமிழ்ப் புள்ளி என்பது எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும் சின்னஞ்சிறு பெட்டி; அதற்குள் ஒரே ஒரு விளக்குத்தான் அடங்கும். மாட்டிய ஒரு மாதத்தில் கடைசி ‘ம்’மின் புள்ளி அணைந்துவிட்டது. பகலில் ‘நிலையம்’, இரவில் ‘நிலையம’. என் தம்பி மகன் படம் எடுத்துக் குடும்பம் முழுவதற்கும் அனுப்பிவிட்டான். பட்டறைக்காரர் பதினோரு நாள் கழித்து வந்து காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். இனிமேல் புள்ளிகளுக்கு மட்டும் இரட்டை விளக்கு வைக்க இடம் பார்க்கிறேன் என்றார். பதினோரு நாள் அதிகம்தான்.

விலை 3,150 வெள்ளி. உரிமத்துக்கு அலைந்ததற்கு 200 வெள்ளி தனி. நகராண்மைக் கழகத்தில் கட்டிய கட்டணத்தைத் தன் பற்றுச்சீட்டில் கலக்காமல் அசல் ரசீதையே கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டார். உரிமக் கட்டணம் என்ற பெயரில் வாய்க்கு வந்ததைச் சேர்க்கிறவர்களை வேறு ஊரில் பார்த்திருக்கிறேன் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். பெரிய நகரங்களில் இதைவிட மலிவாகச் செய்கிறார்கள் என்று கேள்வி. அங்கிருந்து ஏற்றி வரும் லாரிக் கூலியையும், புள்ளி அணைந்தால் யார் வருவார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்தச் செலவே இல்லாமல் பலகை வைக்க ஒரு வழி இருந்தது. பானம் விற்கும் நிறுவனத்தின் முகவர் ஒருவர் இலவசமாகப் பலகை போட்டுத் தருவதாக என்னிடம் சொல்லியிருந்தார். எங்கள் கடைத்தெருவில் காப்பிக் கடைகளும் சாயக் கடைகளும் கைப்பேசிக் கடைகளும் பெரும்பாலும் அப்படித்தான் பலகை பெற்றன: இரு ஓரத்திலும் நிறுவனத்தின் சின்னம், நடுவில் மிஞ்சிய இடத்தில் கடைப் பெயர். பூஜைப் பொருள் கடையில் ஊதுவத்திக்கும் கற்பூரத்துக்கும் மேலே குளிர்பானப் போத்தல் ஒளிர்வதை நினைத்துப் பார்த்தும் நான் ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டேன். இலவசம் என்ற சொல்லுக்கு அவ்வளவு வலு. அந்தப் பலகையையும் செய்யப் போகிறவர் இதே பட்டறைக்காரர்தான், முகவர் முழு விலையும் கொடுத்துவிடுவார். ஆனாலும் அவர் ஒரு கேள்வி கேட்டார். பலகையில் இரண்டு வகை உண்டு. இங்கே என்ன கிடைக்கும் என்று சொல்வது ஒன்று, இங்கே இல்லாததைப் பற்றிச் சொல்வது ஒன்று. உங்கள் முகப்பில் எதை வைக்கப் போகிறீர்கள்?

அந்தக் கேள்வியோடு பொது மண்டபக் கூட்டத்தை நினைத்துப் பார்த்தபோதுதான் வாதம் ஏன் முட்டிக்கொண்டு நின்றது என்பது எனக்குப் பிடிபட்டது. வரைவு இரண்டு வகையையும் ஒரே சதுர அடிக் கணக்கில் அளக்கிறது. தையல் கடைப் பெயர்ப் பலகையும், சாலைச் சந்திப்பில் தூண் நட்டு நிற்கும் மாபெரும் விளம்பரமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே சந்திப்பு விளம்பரத்துக்கு இடம் பிடிக்கும் நிறுவனத்தின் ஆள் எழுந்து, சிறு வணிகர்களின் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று பேச முடிந்தது; சிறு வணிகர்களும் கை தட்டினார்கள். அவருடைய விளம்பரத்தில் வருவது கோலாலம்பூரில் கட்டும் அடுக்குமாடி வீடு. எங்களில் யார் அதை விற்கிறோம்?

சந்திப்பில் நிற்கும் விளம்பரத்தைப் பற்றி எனக்கு வேறு அச்சமும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேரத்தில் இங்கே அடிக்கும் காற்று, செம்பனை மட்டைகளை முறித்துச் சாலையில் போட்டுவிட்டுப் போகும். பெரிய பலகை என்பது காற்றுக்கு விரித்த பாய். பரப்பு இரு மடங்கானால் அடித்தளத்தில் விழும் சுமை இரு மடங்கோடு நிற்காது, உயரமும் கூடுவதால் இன்னும் ஏறும். மும்பையின் காட்கோபரில் 2024 மே 13ஆம் தேதி புழுதிக்காற்றில் சாய்ந்து 17 பேர் உயிரைக் குடித்த பலகை 120 அடிக்கு 120 அடி. அந்த மாநகராட்சியின் வரம்போ 40 அடிக்கு 40 அடி. விதி இல்லாத ஊரில் அது நடக்கவில்லை. விதியை ஒருவர் மற்றவர் பொறுப்பு என்று தள்ளிவிட்ட ஊரில் நடந்தது. எங்கள் சாலையோ கூட்டரசுச் சாலை. அதன் ஓர நிலம் பொதுப்பணித் துறையின் பார்வையில், கடைகள் நகராண்மைக் கழகத்தின் பார்வையில். தூண் நிற்பது எந்தப் பக்கம் என்று கூட்டத்தில் கேட்டதற்கு இரண்டு பதில்கள் கிடைத்தன.

விதி போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற வாதம் என்னிடம் எடுபடாததற்குக் காரணம் எங்கள் கடைத்தெருவே. ஒருகாலத்தில் காப்பிக் கடைப் பலகைகள் பலவற்றில் சிகரெட் பெட்டிதான் முதலில் கண்ணில் படும். 2004ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு அவை போய்விட்டன. காப்பிக் கடைகள் போகவில்லை. அதே மேசை, அதே ரொட்டி, அதே கூட்டம். அதற்காக எல்லா விதியும் நல்லது என்று சொல்ல வரவில்லை. கடைக்காரரின் சொந்தப் பெயரை எழுத்து எழுத்தாக அளக்கும் அதிகாரி, விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்களின் கடன் விளம்பரத்தைக் கடந்துதான் எங்கள் கடைக்கு வருகிறார். அவற்றுக்குப் புதிய விதியே தேவையில்லை, ஏற்கெனவே சட்டவிரோதமானவை. அதிலுள்ள தொலைபேசி எண்ணைத் துண்டிக்கச் செய்யும் வழியும் பல ஊராட்சி மன்றங்கள் கையாண்டு வருவதுதான். அந்தக் காகிதங்களைச் சுரண்டி எடுக்க ஆள் இல்லை, எங்கள் புள்ளியை அளக்க ஆள் இருக்கிறது என்பதில்தான் ஊர்க்காரர்களின் எரிச்சல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

புதிய பலகை வந்த பிறகு வியாபாரம் கூடியதா என்று கேட்கிறார்கள். கூடியிருக்கிறது என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. தைப்பூச மாதமும் அதே நேரத்தில் வந்துவிட்டது. ஆனால் சாலைக்கு எதிர்ப்புறம் இறங்குகிறவர்கள் யாரையும் கேட்காமல் நேரே வருகிறார்கள். எங்கள் பலகை 3 அடியோடு நின்றதால், மாடியில் இருக்கும் பல் மருத்துவரின் சன்னலும் அதன்கீழ் அவருடைய சிறு பலகையும் மறையவில்லை. அவர் படி இறங்கி வந்து நன்றி சொன்னார். நான் கேட்ட 5 அடி கிடைத்திருந்தால் அவரும் தன் பலகையை இன்னும் மேலே தூக்கியிருப்பார், அடுத்த கடைக்காரர் குறுக்கே ஒன்றை நீட்டியிருப்பார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பட்டறை திங்கட்கிழமை திறக்காது. மற்ற நாள்களில் காலை பத்து மணிக்கு மேல் போவது நல்லது, அதற்கு முன் அவர் ஏணியோடு ஏதாவது ஒரு கடை முகப்பில் இருப்பார். நிறுவனப் பதிவுச் சான்றின் நகலையும், கடை முகப்பின் அகலத்தையும், எதிர் அஞ்சடியிலிருந்து எடுத்த ஒரு படத்தையும் கொண்டுபோங்கள். தமிழ் வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள், ஒற்றுகளைச் சரிபாருங்கள். விளக்கின் நிறத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு முன் மாட்ட வேண்டுமானால் ஆகஸ்ட் மாதமே போய்விடுவது உத்தமம். வழிகாட்டி இன்னும் இறுதியாகவில்லை; அது வரும்வரை பழைய துணைச் சட்டப்படியே விண்ணப்பம் ஏற்கிறார்கள்.